விழுக்காடும் அசமன்பாடும் கலந்த ‘தரவு போதுமா?’ கணக்குகள்

இந்த வகைக் கணக்கில் விடை என்ன என்று கேட்பதில்லை. ஒரு கேள்வியும் தரவாக இரண்டு கூற்றுகளும் கொடுத்து, அந்தக் கூற்றுகளைத் தனித்தனியாகவோ சேர்த்தோ வைத்து விடை சொல்ல முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். உறுதியாக ‘ஆம்’ என்று வந்தாலும் போதும், உறுதியாக ‘இல்லை’ என்று வந்தாலும் போதும். இரண்டும் மாறி மாறி வந்தால்தான் தரவு போதாது. ‘இல்லை’ என்று வந்ததுமே ‘போதாது’ எனக் குறித்துவிடுவதில்தான் பலர் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள்.

கூற்றுகளைத் தொடும் முன் கேள்வியைச் சுருக்குங்கள். ஒரு விலை க% கூடி, பிறகு ச% குறைகிறது. இரண்டும் நேர் எண்கள், ச 100-க்குக் கீழ். கடைசி விலை தொடக்க விலையைவிட அதிகமா? அதாவது,

(1 + க/100) × (1 − ச/100) > 1 ஆகுமா?

விரித்தால், க − ச > (க × ச)/100 ஆகுமா என்பதே கேள்வி. விலை எவ்வளவு என்பதே தேவைப்படவில்லை, பாருங்கள்.

கூற்று 1: க > ச. இங்கே 5, 4 அல்லது 9, 8 என்று போட்டுப் பார்த்தால் எப்போதும் ‘ஆம்’ என்றே வரும். ஓரிலக்க முழு எண்களில் வித்தியாசம் குறைந்தது 1. பெருக்கலை 100-ஆல் வகுத்தால் 1-க்குக் கீழ். அதனால் அவை நம்மை ஏமாற்றிவிடும். 50, 40 போடுங்கள்: 1.5 × 0.6 = 0.9. விலை குறைந்துவிட்டது. ஆக, போதாது.

கூற்று 2: க 100-க்கு மேல் இல்லை, ச 50-க்கு மேல். முதல் காரணி அதிகபட்சம் 2, இரண்டாவது 0.5-க்குக் கீழ். பெருக்கினால் 1-ஐ எட்டவே எட்டாது. உறுதியான ‘இல்லை’. இந்தக் கூற்று மட்டுமே போதும். இதைப் பார்க்கும்போது கூற்று 1-ஐ மனத்திலிருந்து அடியோடு அழித்துவிட வேண்டும்.

குறியையும் கவனியுங்கள். ப, ம-வைவிடப் பெரியதா என்பது கேள்வி. ‘ப என்பது ம-வின் 120%’ என்றால் ப பெரியது என்று தோன்றும். ம = −10 என்றால் ப = −12; ப சிறியது. ம நேர் எண்ணா, எதிர் எண்ணா என்று சொல்லாதவரை போதாது.

எண்ணிக்கைக் கணக்குகளில் நிலைமை தலைகீழ்: போதாதது போலத் தெரிவது போதும். தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? கூற்று 1: தேறியவர்கள் 60%-க்கு மேல், 65%-க்குக் கீழ். கூற்று 2: எழுதியவர்கள் 10-க்கும் குறைவு. தனித்தனியாக எதுவும் போதாது. சேர்த்துப் பார்க்கும்போது, ஆட்கள் முழு எண்ணாகத்தானே இருக்க முடியும்! 1 முதல் 9 வரை ஒவ்வொன்றாகச் சோதித்தால் 5/8 = 62.5% மட்டுமே இடைவெளிக்குள் விழும். 3/5 சரியாக 60%, 2/3 அதைத் தாண்டி 66.7%. ஆகவே 8 பேர், இரண்டும் சேர்ந்தால் போதும். அதே 65%-ஐ 70% என்று மாற்றினால் 3, 6, 9 பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். அப்போது இரண்டும் சேர்ந்தும் போதாது.