காவிரித் தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள்: டெல்டா மாணவர் அரசமைப்புச் சட்ட அறிஞராக ஒரு வழிகாட்டி

அரசமைப்புச் சட்டத்தில் ஆழமாகப் போக நினைக்கும் டெல்டா மாணவர் பாடத்திட்டத்தை வெளியூரில் தேட வேண்டியதில்லை. மாநிலங்களுக்கு இடையிலான தகராறு, நீதிமன்ற அதிகாரத்தின் எல்லை, ஒரு உத்தரவை மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு முறியடிக்கலாமா என்ற கேள்வி, கோயில் நிர்வாகம், பூமிக்கடியில் இருக்கும் எரிவாயு யார் அதிகாரத்துக்கு உட்பட்டது என்ற வழக்கு, எல்லாம் நம் ஆற்றங்கரையிலேயே கிடக்கின்றன. பட்டம், தேர்வு பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்கிறோம். அதற்கு வழி சொல்ல ஆள் நிறைய. தீர்ப்பைப் படிப்பது எப்படி, ஊர் முன்னால் பேசுவது எப்படி என்று சொல்லித் தருபவர்கள்தான் குறைவு.

படிப்பும் வேலையும்

பிளஸ் டூ முடித்தவருக்கு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டு. டெல்டாக்காரருக்குப் பக்கத்தில் இருப்பவை திருச்சி அரசு சட்டக் கல்லூரி, திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், தஞ்சை திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்த்ராவின் சட்டப் பள்ளி. அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும்.

அடுத்தது எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் படிப்பு. கற்பிக்க விரும்புபவர் அதில் 55 சதவீதம் வாங்கியாக வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. பிறகு கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு: ஆண்டுக்கு இருமுறை, மூன்று மணி நேரம், 150 கேள்வி, தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரிகள் எல்லாம் இதைக் கொடுப்பதில்லை. சேரும் முன் நியமனக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள்.

வக்கீல் தொழிலா, வாத்தியார் வேலையா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் நடத்த பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது. ஆனால் தொழில் நடத்தும் வக்கீல் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம். அதற்கு 1979-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. நீதிமன்றப் பழக்கமும் வேண்டும், ஆய்வும் வேண்டும் என்பவர்களுக்கு முதல் சில ஆண்டுகளுக்கு இந்த இரண்டாவது வழி நல்லது.

நீதிபதி கனவு இருந்தால் ஒரு செய்தி. 'புகழ்பெற்ற சட்ட அறிஞர்' என்ற தகுதியிலேயே ஒருவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்க அரசமைப்பின் உறுப்பு 124(3) வழி விட்டிருக்கிறது. அந்த வாசல் வழியாக இதுவரை ஒருவர்கூட உள்ளே போகவில்லை. உயர் நீதிமன்றத்துக்கும் அப்படியொரு வாசலை 42-ஆவது திருத்தம் திறந்தது. 44-ஆவது திருத்தம் அதை மூடிவிட்டது.

ஒரு கோப்பை முழுதாகப் படியுங்கள்

அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் பற்றிய கோலக்நாத், கேசவானந்த பாரதி வழக்குகள் என்று பெரிய பெயர்களிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். கேசவானந்த பாரதி போல, பதின்மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து 7:6 என்று பிரிந்த ஒரு தீர்ப்பை முதல் பயிற்சியாக எடுத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். காவிரிக் கோப்பை எடுங்கள். கால வரிசையில் இப்படிப் படிக்கலாம்.

முதலில் சட்டம். உறுப்பு 262, மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டம் 1956, மாநிலப் பட்டியலின் 17-ஆவது பதிவு, ஒன்றியப் பட்டியலின் 56-ஆவது பதிவு. இவை நான்கும் சில பக்கங்கள்தான். எந்த அரசு எதில் சட்டம் இயற்றலாம் என்று அரசமைப்பு பிரித்து வைத்தவையே இந்தப் பட்டியல்கள். தண்ணீர் மாநில விஷயம். ஆனால் 17-ஆவது பதிவே தன்னை 56-க்கு உட்பட்டது என்று சொல்லிக்கொள்கிறது. தகராறு வந்தால் நீதிமன்றத்தை விலக்கி வைக்க நாடாளுமன்றத்துக்கு 262 அதிகாரம் தருகிறது. 1956 சட்டத்தின் 11-ஆவது பிரிவு அதைச் செய்கிறது.

அப்புறம் 1990 மே 4 தீர்ப்பு. தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் 1983-இல் போட்ட ரிட் மனு அது. நம் விவசாயிகள் சங்கத்தின் இத்தனை நீளமான பெயர் அப்படியே சட்ட அறிக்கைகளில் ஏறியிருக்கிறது. நீதிமன்றத்துக்குத் தகராறைத் தீர்க்கத்தான் தடை. தகராறை விசாரிக்கும் நடுவர் மன்றத்தை அமைக்க ஒன்றிய அரசிடம் சொல்லத் தடை இல்லை என்ற நூலிழை வேறுபாட்டை இதில் கவனியுங்கள். ஜூன் 2-ஆம் தேதி நடுவர் மன்றம் அமைந்தது.

மூன்றாவது, 1991 நவம்பர் 22-இல் வந்த கருத்துரை. ஜூன் 25-இல் நடுவர் மன்றம் கர்நாடகத்தை 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால உத்தரவிட்டது. கர்நாடகம் அதை மறுத்து அவசரச் சட்டம் போட்டது. குடியரசுத் தலைவர் உறுப்பு 143-இன் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அவசரச் சட்டம் செல்லாது என்று பதில் வந்தது. அதே கருத்துரையில், 143-ஐ வைத்துக்கொண்டு நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பின் மேல் மேல்முறையீடு கேட்க முடியாது என்ற ஒரு பகுதியும் உண்டு. அதை அடிக்கோடிட்டு வையுங்கள்; கீழே தேவைப்படும்.

நான்காவது, 2016 டிசம்பர் 9: நடுவர் மன்றத் தீர்ப்பை எதிர்த்து உறுப்பு 136-இன் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாக வரலாமா என்ற கேள்வி, வரலாம் என்ற விடை. கடைசியாக 2018 பிப்ரவரி 16: தண்ணீர்ப் பங்கீட்டைத் திருத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தாள் எழுதுங்கள். அமர்வில் எத்தனை பேர், கேள்வி என்ன, யார் என்ன வாதிட்டார், விடை என்ன, அந்த விடைக்குத் தேவையான காரணம் எது, போகிற போக்கில் சொன்னது எது, எந்தப் பத்தி எண். பத்தி எண் இல்லாத குறிப்பு ஆறு மாதம் கழித்து உங்களுக்கே உதவாது. தீர்ப்புகளை உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் காசு கொடுக்காமல் எடுக்கலாம். மேலே அச்சிட்டிருக்கும் தலைக்குறிப்பு நீதிபதி எழுதியது அல்ல. அதை மேற்கோள் காட்டாதீர்கள்.

எங்கே சறுக்கும்

எண்களில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. நடுவர் மன்றத்தின் 2007 பிப்ரவரி 5 இறுதித் தீர்ப்பு மொத்தம் 740 டிஎம்சியைப் பிரித்தது: தமிழ்நாடு 419, கர்நாடகம் 270, கேரளம் 30, புதுச்சேரி 7, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4. உச்ச நீதிமன்றம் 2018-இல் கர்நாடகத்துக்கு 14.75 கூட்டியதால் நம் பங்கு 404.25 ஆனது. 'கர்நாடகம் 404 டிஎம்சி விட வேண்டும்' என்று மேடையில் சொல்பவர்கள் உண்டு. அது தவறு. 404.25 என்பது தமிழ்நாட்டுக்குள் பெய்து ஓடிவரும் நீரும் சேர்ந்த மொத்தப் பங்கு. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் அளந்து தர வேண்டியது 177.25, முன்பு 192. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு பிழையைப் பிடித்தால் நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் தண்ணீரில் போகும். குறைத்த 14.75-இல் 10 டிஎம்சி டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால் வந்தது, 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. கடைமடையில் உப்பேறிய நிலத்தடி நீரை எப்படிக் கணக்கிடுவது என்பது நல்ல ஆய்வுத் தலைப்பு. எழுதுபவருக்குக் கொஞ்சம் நீரியலும் தெரிய வேண்டும்.

அடுத்த சறுக்கல், தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்று பார்க்காதது. 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் மசோதாக்கள் பற்றிய வழக்கில் ஒப்புதல் பற்றி முடிவெடுக்க ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வகுத்தது. அதே ஆண்டு நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள், 143-இன் கீழ்க் கொடுத்த கருத்துரையில், நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்றார்கள். முதலாவதை மட்டும் சொல்பவரும் தவறு, 'ஏப்ரல் தீர்ப்பே ரத்தாகிவிட்டது' என்று ஒரே வரியில் முடிப்பவரும் தவறு. கருத்துரை ஒன்று முடிந்துபோன தீர்ப்பை என்ன செய்யும் என்ற கேள்விக்கு 1991 காவிரிக் கருத்துரையில் நீங்கள் அடிக்கோடிட்ட பகுதியைத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் எது நிற்கும் என்று சொல்லும் உறுப்பு 254-ஐக் கண்ட இடத்திலெல்லாம் சொல்வது. இதற்கு, டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற தொழில்களைத் தடுக்கத் தமிழ்நாடு 2020-இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நல்ல பயிற்சி. வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14-ஆவது பதிவு. எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலின் 53. இரண்டும் மோதினால் 'மத்தியச் சட்டம் 254-இன்படி வெல்லும்' என்று எழுதிவிடுவார்கள். ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியல் விஷயத்தில் மோதல் வந்தால் பயன்படுத்துவதே 254 என்பதுதான் நீதிமன்றங்கள் பெரிதும் ஏற்ற கருத்து. இங்கே கேட்க வேண்டியது உறுப்பு 246-இன் கேள்வி: மாநிலச் சட்டத்தின் சாரம் எது, வேளாண்மையா, எண்ணெய்யா? சட்டத்தின் நோக்கவுரையையும் தடைசெய்த தொழில்களின் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரு தரப்புக்கும் இரண்டிரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காத தரப்புக்கு எழுதியது பலவீனமாக இருந்தால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

அறிஞரின் சொல் எப்படிப் போய்ச் சேர்கிறது

ஜெர்மன் பேராசிரியர் டீட்ரிச் கான்ராட் 1965-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டா என்பது பொருள். வக்கீல் எம்.கே. நம்பியார் அந்த வாதத்தைக் கோலக்நாத் வழக்கில் எடுத்துவைத்தார். 1973-இல் கேசவானந்த பாரதியில் நீதிபதி கன்னா கான்ராடின் எழுத்தைக் குறிப்பிட்டார். அரசமைப்பின் அடிப்படையைத் திருத்தத்தால்கூட மாற்ற முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டின் பின்னால் ஒரு வகுப்பறைப் பேச்சு இருக்கிறது. இன்னொரு வழி பகிரங்கக் கடிதம். காவல் நிலையத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மதுரா என்ற சிறுமியின் வழக்கில் காவலர்களை விடுவித்த தீர்ப்பை விமர்சித்து உபேந்திர பக்ஷி, லத்திகா சர்க்கார் உள்ளிட்ட சட்ட ஆசிரியர்கள் நால்வர் 1979-இல் தலைமை நீதிபதிக்கு எழுதினார்கள். அதையொட்டி எழுந்த இயக்கம் 1983-இல் குற்றவியல் சட்டத் திருத்தம் வரை போனது.

இவை அபூர்வம். அன்றாடப் பணி சிறியது: நாடாளுமன்ற நிலைக்குழு மசோதா மீது கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுக்கும்போது எட்டுப் பக்கத்துக்குள் குறிப்பு அனுப்புவது, சட்ட ஆணையத்துக்கு எழுதுவது, மாநிலக் குழுக்களுக்கு ஆவணம் தருவது. மத்திய–மாநில உறவை ஆராய 1969-இல் ராஜமன்னார் குழு, 2025-இல் குரியன் ஜோசப் குழு என்று தமிழ்நாட்டுக்கு அதில் பழக்கம் உண்டு. குறிப்பில் முதல் பக்கத்திலேயே எந்த உட்பிரிவை எப்படி மாற்ற வேண்டும் என்ற வாசகத்தை எழுதிவிடுங்கள். வரலாறு பின்னால் வரட்டும். வரலாற்றில் தொடங்கும் குறிப்பை யாரும் நாலாம் பக்கம் வரை படிப்பதில்லை.

விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் பேச அழைத்தால் மூன்றைத் தனித்தனியே சொல்லுங்கள்: சட்டம் இன்று என்ன சொல்கிறது, எதில் தெளிவில்லை, உங்கள் கருத்து என்ன. மூன்றையும் கலந்து பேசினால் கைதட்டல் கிடைக்கும். மறுநாள் ஒருவர் அதை நம்பி மனுப் போட்டுச் செலவழிப்பார். வழக்குக்குப் போக நினைப்பவர்களுக்கு நீதிமன்ற எல்லையையும் சொல்லிவிடுங்கள். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்ட ரிட் மனுக்கள் மதுரைக் கிளைக்கு. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை சென்னைக்கு. ஒரே வாய்க்காலின் தலைமடை ஒரு நீதிமன்றத்திலும் கடைமடை இன்னொன்றிலும் நிற்க நேரும்.

நீதிமன்றத்தை விமர்சிக்கப் பயப்பட வேண்டாம். விசாரித்து முடித்து முடிவு சொன்ன வழக்கின் தகுதி பற்றிய நியாயமான கருத்து அவமதிப்பு ஆகாது என்று 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே சொல்கிறது. தீர்ப்பின் காரணத்தைத் தாக்குங்கள். நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். நிலுவையில் உள்ள வழக்கில் இன்னும் நிதானம் வேண்டும். அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்தால் நடத்தை விதிகளை ஒருமுறை படித்துவிட்டுக் கட்டுரை அனுப்புங்கள். வழக்கில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்லியிருந்தால் அதைக் கட்டுரையின் அடியிலும் தொலைக்காட்சிப் பேச்சின் தொடக்கத்திலும் சொல்லிவிட வேண்டும்.

தொலைக்காட்சியிலிருந்து தீர்ப்பு வந்த அன்று மாலையே அழைப்பார்கள். இறுதி உத்தரவுப் பகுதியைக்கூடப் படிக்க நேரமில்லையென்றால், மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். அவர்கள் வேறொருவரைக் கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும்.