பெண்ணைக் காதலிக்கும் பெண்: இந்தக் கதைகளை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் கதை எழுதும் நண்பர்கள், இரண்டு பெண்களின் காதலை எழுதினால் என்னிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுப்பார்கள். என் வாழ்க்கையும் அதுதான் என்பதால் நான் சற்றுக் கூடுதல் அக்கறையோடு படிப்பேன். வருகிற கதைகள் எல்லாம் நல்ல மனதோடு எழுதப்பட்டவை. ஆனால் பலவற்றில் காதல் இருக்கும், காதலிக்கிறவர்கள் இருக்க மாட்டார்கள். அவள் என்ன வேலை பார்க்கிறாள், சம்பளம் எந்தத் தேதியில் வரும், தம்பிக்கு யார் ஃபீஸ் கட்டுகிறார்கள், ராத்திரி எத்தனை மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும், ஒன்றும் தெரியாது. ‘இவள் லெஸ்பியன்’ என்று முடிவானதும் அவளைப் பற்றி எல்லாமே தெரிந்துவிட்டதாக எழுதுகிறவர் நினைத்துவிடுகிறார். கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதி அங்கிருந்து வருகிறவைதான்.

கடைசியில் சாகடிப்பது

அதிகம் பார்ப்பது இதைத்தான். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் இருவரும் கைகோத்துக் கடலுக்குள் நடந்து போவார்கள். இல்லையென்றால் ஒருத்தி போவாள், மற்றவள் கரையில் நிற்பாள்.

இந்த முடிவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் அமெரிக்காவில் பெண்–பெண் காதலைச் சொல்லும் மலிவு விலை நாவல்கள் லட்சக்கணக்கில் விற்றன. மகிழ்ச்சியாக முடித்தால் ஆபாசப் புத்தகம் என்று தபால் துறை பறிமுதல் செய்துவிடும் என்ற பயம் பதிப்பாளர்களுக்கு. அதனால் நாயகி சாக வேண்டும், பைத்தியமாக வேண்டும், அல்லது ஒரு ஆணிடம் திரும்பிப் போக வேண்டும். 1952இல் பட்ரீஷியா ஹைஸ்மித் வேறு பெயரில் எழுதிய ‘தி ப்ரைஸ் ஆஃப் சால்ட்’ நாவலில்தான் இரண்டு பெண்களும் உயிரோடு, சேர்ந்து வாழும் நம்பிக்கையோடு கடைசிப் பக்கத்தைத் தாண்டினார்கள். அதற்கு நன்றி சொல்லி வாசகர்கள் வருடக்கணக்கில் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். எந்தத் தணிக்கையும் இல்லாமல் இன்று எழுதுகிற நாம் ஏன் அந்தப் பழைய பயத்தைச் சுமக்க வேண்டும்?

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடலை அழகுக்காகச் சாவு இடமாக்குவது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. 2004 சுனாமியில் அந்தக் குப்பம் நிஜமாகவே ஆட்களைப் பறிகொடுத்தது. அங்கே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைப் பார்க்கிற விதமே வேறு.

சரி, நிஜத்தில் தற்கொலைகள் நடக்கவில்லையா? நடக்கின்றன. கேரளாவில் ‘சகயாத்ரிகா’ என்ற அமைப்பு 2000களின் தொடக்கத்திலேயே இப்படி இறந்த பெண்களைப் பற்றிய விவரங்களைத் தேடித் தொகுக்க ஆரம்பித்தது. அதை எழுதலாம், எழுத வேண்டும். எழுதினால் சாவுக்கு முந்தைய மூன்று மாதத்தை எழுதுங்கள். போனைப் பிடுங்கியது யார், கதவை வெளியே தாழ் போட்டது யார், கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தது யார் என்று சொல்லுங்கள். காரணத்தைக் காட்டாத சாவு, காதலே கொன்றது என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

ஒயிட் டவுனில் மட்டும் காதல்

கதை புதுச்சேரியில் நடந்தால் ஒயிட் டவுன் வந்துவிடும். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, கஃபே, கையில் ஒயின். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், அதனால் சுதந்திரம் என்று ஒரு கணக்கு. இங்கே வாடகைக்கு வீடு தேடியவர்களைக் கேளுங்கள். லாஸ்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் வீட்டு ஓனர் கேட்கிற கேள்வி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கேட்கிற அதே கேள்விதான். “ரெண்டு பேரும் சொந்தமா? கல்யாணம் ஆகலையா? ஆம்பளைங்க யாரும் வரக்கூடாது, சொல்லிட்டேன்.”

இந்தக் காதலர்களில் நிறைய பேர் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிற இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் ரோட்டில்தான் இருக்கிறார்கள். ஜவுளிக்கடை, லேப், நர்சிங், காலேஜ் என்று தினமும் போய் வருகிறார்கள். நான் படித்த ஒரு கதையில் நாயகி சொல்வாள்: ‘அவள் விழிகளின் ஆழத்தில் என்னைத் தொலைத்தேன்.’ எந்த இடத்தில், எந்த நேரத்தில்? அதை இப்படி எழுதிப் பார்க்கலாம்.

காலை ஏழரை மணி, புதுச்சேரி போகிற பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்திருக்கிறாள். கேட்கிறவர்களிடம் “ஆள் வருது” என்கிறாள். ரெட்டிச்சாவடியில் நிற்கிற கூட்டத்தில் கண் தேடுகிறது. இன்று அவள் இல்லை. பஸ் கிளம்பி முள்ளோடையும் தாண்டிவிட்டது. கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ஒரு பாட்டி பையைப் பார்க்கிறார், இவளைப் பார்க்கிறார். கன்னியக்கோயில் வரும்வரை இவள் பையை எடுக்கவில்லை.

இதில் காதல் என்ற சொல்லே இல்லை. தினம் அந்த பஸ்ஸில் போகிற யாருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

வெளிநாட்டுக் கதையிலிருந்து வந்து உட்காரும் காட்சி

நான் அதிகம் பேச நினைப்பது இதைப் பற்றித்தான். அம்மாவையும் அப்பாவையும் ஹாலில் உட்கார வைத்து, “நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று பெண் ஆரம்பிக்கிற காட்சி. அப்பா எழுந்து போவார், அம்மா அழுவார், கடைசியில் அணைத்துக்கொள்வார். நம் வீடுகளில் இது நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் கதை அங்கே இல்லை.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு சில்வர் பீச்சில் நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரே பாயில் படுக்கலாம். ஒருத்தி தலையில் மற்றவள் பேன் பார்க்கலாம். “என் பொண்ணோட ஃபிரெண்டு, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி” என்று அம்மாவே சோறு போடுவார். ஒரு ஆணும் பெண்ணும் காதலித்தால் முதல் நாளிலிருந்து ஒளிய வேண்டும். இவர்களுக்கு அப்படி இல்லை. சில வருடங்களுக்கு எல்லாக் கதவும் திறந்தே கிடக்கும். அப்புறம் ஒருநாள் ஜாதகம் வெளியே எடுக்கப்படும். தரகர் வருவார். “இந்தச் சனிக்கிழமை லீவு சொல்லிடு, பாக்க வராங்க” என்று அம்மா சாதாரணமாகச் சொல்வார். அந்த வாக்கியத்தில்தான் இடி இறங்குகிறது. இருபத்து நான்கிலிருந்து இருபத்தெட்டு வயதுக்குள் ஓடுகிற கடிகாரம் அது. கதையின் இறுக்கம் அங்கிருந்து வர வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல அம்மாக்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால் கேட்க மாட்டார்கள். தோழி வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கோயிலுக்குக் கிளம்பிப் போவது வழிவிடுவதாகவும் இருக்கலாம், பார்க்கச் சகிக்காமல் போவதாகவும் இருக்கலாம். எது என்று மகளுக்கே தெரியாமல் வைத்திருந்தால் அந்தக் கதை என்னைத் தூங்க விடாது.

போலீஸ், கோர்ட், கல்யாணம்

சட்ட விவரத்தில் தப்பு விட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். இரண்டு பெண்களை, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவில் போலீஸ் கைது செய்வதாக எழுதுகிறார்கள். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவு எழுதப்பட்ட விதத்தால் பெண்கள்மேல் நேரடியாகப் பாய்ந்தது அரிது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்கள் சம்மதித்து வாழும் உறவை அதிலிருந்து விடுவித்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது. பெண்களைத் துரத்துவது வேறு காகிதம்: ‘மகளைக் காணவில்லை’ என்று அப்பா கொடுக்கும் புகார். அதோடு கடத்தல், நகைத் திருட்டு என்று சேர்த்துக்கொள்வார்கள்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கும் காணாமல் போன புகாரிலிருந்துதான் தொடங்கியது. 2021 ஜூன் 7 அன்று அதில் உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கிருந்த புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினார். காணாமல் போனதாகச் சொல்லப்படுகிறவர்கள் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று போலீசுக்குச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளையும் திருத்தியது. கடலூரில் கதை எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல முடிச்சு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கும் உண்டு. போலீஸ் மட்டும் வேறு. தமிழ்நாட்டு நடத்தை விதி எல்லையான முள்ளோடையோடு நின்றுவிடும்.

பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டு கதையை முடிக்கவும் முடியாது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அதற்காகச் சேர்ந்து வாழும் கதையே இல்லையென்று ஆகாது. 2025 மே மாதம், குடும்பம் அடைத்துவைத்த பெண்ணை மீட்கத் தோழி போட்ட ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் மத்திய அரசு, கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் அந்தக் கணக்குக்குத் துணையை நாமினியாக நியமிக்கவும் தடை இல்லை என்று தெளிவுபடுத்தியது. ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதவும் மாநிலங்களுக்குச் சொன்னது. பேங்க் கவுண்டரில், ‘உறவுமுறை’ என்ற கட்டத்துக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேனாவோடு நிற்கிற காட்சியை யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.

டாக்டரிடம் இழுத்துப் போகும் காட்சி வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1990லேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சை தருவது தொழில்முறைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. மாற்றுகிற டாக்டரை எழுதலாம். அவர் தப்பு செய்கிறார் என்பது கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காரணம் தேடுவது

புருஷன் குடிகாரன், அதனால் இவள் ஒரு பெண்ணிடம் போனாள். சின்ன வயதில் யாரோ தப்பாக நடந்துகொண்டார்கள், அதனால் ஆண்களைப் பிடிக்கவில்லை. 1996இல் வந்த ‘ஃபயர்’ படம் இந்தியாவில் இந்தப் பேச்சையே திறந்துவிட்ட படம். அதன்மேலும் இந்த விமர்சனம் உண்டு: இரண்டு பெண்களும் கணவர்களால் ஒதுக்கப்பட்டவர்களாக இருந்ததால்தான் நெருங்கினார்கள் என்பதுபோல் ஆகிவிட்டது. ஆணும் பெண்ணும் காதலிக்கிற கதையில் ‘ஏன்’ என்று யாரும் கேட்பதில்லை. இங்கேயும் கேட்க வேண்டாம். அவள் சிரித்தது பிடித்திருந்தது என்பது போதும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், இருவரில் ஒருத்தியை ஆணாக்குவது. ஒருத்திக்கு கிராப்பு வெட்டி, புல்லட் கொடுத்து, முடிவெடுக்கிற வேலையையும் கொடுத்துவிடுகிறார்கள். மற்றவள் மல்லிகைப்பூவோடு காத்திருப்பாள். சட்டை, பேன்ட் போட்டுத் தலைமுடியைக் குறைத்துக்கொள்கிற பெண்கள் எங்களில் நிறையவே உண்டு. அவர்களை மரியாதையோடு எழுதுங்கள், கணவனாக எழுத வேண்டாம். தன்னை ஆணாகவே உணரும் திருநம்பியின் கதை வேறு. அதையும் இதையும் குழப்பினால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

உடலை எழுதுகிற இடத்தில் சிலர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற ஆணின் கண்ணோடு எழுதுகிறார்கள். சிலர் பயந்து நிலா, தீபம் என்று ஓடுகிறார்கள். இஸ்மத் சுக்தாய் 1942இல் உருதுவில் எழுதிய ‘லிஹாஃப்’ கதையில் ஒரு சிறுமிதான் எல்லாவற்றையும் பார்க்கிறாள். அவளுக்கு என்ன புரிந்ததோ அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிறது. ஆபாசம் என்று லாகூரில் வழக்குப் போட்டார்கள். மன்னிப்புக் கேட்க மறுத்து வழக்காடினார், ஜெயித்தார். யார் பார்க்கிறார்கள் என்பதை முடிவு செய்தாலே இந்தச் சிக்கல் பாதி தீரும்.

சாதியை மறைப்பது

பெண்–பெண் காதல் கதைகளில் யாருக்கும் சாதி இருக்காது. கடலூர் மாவட்டத்தில் அது எப்படிச் சாத்தியம்? விருத்தாசலம் பக்கம் 2003இல், சாதி மாறிக் கல்யாணம் செய்த முருகேசனையும் கண்ணகியையும் எப்படிக் கொன்றார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வேறு சாதித் தோழியைத் தோழியாகவே வீட்டுக்குள் விடாத தெருக்கள் இருக்கின்றன. ஒரு காதலிக்குத் திண்ணை, இன்னொருத்திக்கு அடுப்படி என்றால், காதல் தெரிவதற்கு முன்பே கதை தொடங்கிவிட்டது.

தோழியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வது

இதை எழுதும்போதே மனம் பதறுகிறது. ‘உண்மைச் சம்பவம்’ என்று போட்டு, தெரிந்த ஒரு பெண்ணின் கதையைப் பெயர் மட்டும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஊர் சின்னது. திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெரு, லேப் டெக்னீஷியன், அண்ணன் துபாயில் என்று மூன்று விவரம் போதும், யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தெருவை மாற்றுங்கள், வேலையை மாற்றுங்கள், அண்ணனை அக்காவாக்குங்கள். எழுதி முடித்ததும் முதலில் அவளிடம் கொடுங்கள். எந்த வரியில் அவள் நிறுத்தினாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அந்தக் கதையை வெளியே அனுப்பாதீர்கள்.