பேய் போட்டோ: எடுப்பவர்களும் சந்தேகப்படுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருட்டில் பிளாஷ் போட்டு எடுப்பதுதான் முதல் தவறு. போனில் லென்ஸும் பிளாஷும் ஒட்டினாற்போல இருக்கும். லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் மிதக்கிற தூசியோ பூச்சியோ தூறலோ அந்த வெளிச்சத்தை நேராக லென்ஸுக்குள் திருப்பி அடிக்கும், அவ்வளவு பக்கத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது என்பதால் சின்னப் புள்ளிகூட பெரிய வெள்ளை வட்டமாக விரிந்துவிடும். இதைத்தான் ஆவி உருண்டை என்று அனுப்புகிறார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை: முட்டம் பாறையில் அலை அடித்துத் தெறிக்கும் உப்புத்துளி, ஆரல்வாய்மொழிக் காற்றில் பறக்கும் மண், ரெண்டு பருவமழையிலும் நனைகிற ஊர் வேறு. அதே இடத்தில் பிளாஷை அணைத்து ஒன்று, மறுபடி போட்டு ஒன்று எடுத்துப் பாருங்கள். பிளாஷ் இல்லாத படத்தில் வட்டம் இருக்காது, பிளாஷ் உள்ளதில் இடம் மாறியிருக்கும். புதருக்குள் ஜோடியாக மின்னும் கண்களும் அப்படித்தான், மரநாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு.

அடுத்தது நைட் மோடு. அதில் பட்டனை ஒரு தடவை அமுக்கினாலும் போன் சில வினாடிகள் தொடர்ந்து பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. நடுவில் ஒருவர் நடந்து போனால் பாதி கண்ணாடி மாதிரி தெரிவார், சில சமயம் கால் இல்லாமலே நிற்பார். பனோரமாவில் இது இன்னும் மோசம். ஆகவே ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் எடுத்த நைட் மோடு படத்தில் மங்கலான உருவம் வந்தால், அப்போது கூட யார் யார் நின்றார்கள் என்று முதலில் கேளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரை ஆளைப் பிரதிபலிக்கிற அளவுக்குப் பளபளப்பானது, அங்கே எடுத்த படத்தில் தரையில் ஒரு நிழலுருவம் தெரிந்தால் மேலே நிற்பது யார் என்று பாருங்கள்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குள் தனித்தனியாக அலையும் வெளிச்சத்தைப் படம் பிடித்து கொள்ளிவாய்ப் பிசாசு என்று போடுகிறவர்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர்கள் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு அந்த நேரத்தில்தான் வேலைக்கு இறங்குகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். மறுநாள் தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டாலே தெரிந்துவிடும்.

இனி, நிறைய பேர் விழுகிற குழி: "இதில் எடிட்டே இல்லை, செக் பண்ணிட்டோம்." எடிட் இல்லை என்பது பேய்க்கு ஆதாரம் ஆகாது. இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் 1917இல் 16 வயது எல்சியும் 9 வயது பிரான்சிஸும் தேவதைகளோடு இருக்கும் படங்களை எடுத்தார்கள். நெகட்டிவைப் பார்த்த புகைப்பட வல்லுநர் ஒருவர் இதில் இரட்டைப் பதிவு (ஒரு படத்தின் மேல் இன்னொன்றை எடுப்பது) இல்லை, அசல் என்றே சொன்னார், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயிலும் நம்பிவிட்டார். படத்தில் எதையும் ஒட்டவில்லைதான். ஆனால் கேமரா முன்னால் நின்றது அட்டையில் வெட்டிய உருவம், அதை அவர்கள் ஒப்புக்கொண்டது 1983இல். "எங்க அத்தை பையன் பொய் சொல்ல மாட்டான்" என்கிற வாதமும் இதோடு போய்விடுகிறது, சின்னப் பிள்ளைகள் பொய் சொல்வார்களா என்றுதான் அன்றைக்கும் நம்பினார்கள்.

சந்தேகப்படுகிறவர்கள் செய்வதும் சரியில்லை. படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் "ஏஐ" என்று எழுதிவிட்டுப் போவது ஆராய்ச்சி அல்ல. அமெரிக்காவில் ஆவிப் படம் எடுத்து விற்ற வில்லியம் மம்லர் மீது 1869இல் மோசடி வழக்கு நடந்தது, அவர் படத்தில் ஆவியாக நின்ற சிலர் உயிரோடு நடமாடுகிறவர்கள் என்றுகூடத் தெரியவந்திருந்தது, ஆனாலும் எப்படி ஏமாற்றினார் என்று கோர்ட்டில் காட்ட முடியாததால் விடுதலையாகிவிட்டார். எப்படி வந்தது என்று செய்து காட்டுகிற வேலைதான் முக்கியம். அப்புறம், முப்பந்தல் இசக்கியம்மனையும் சுடலைமாடனையும் கும்பிடுகிறவர்களை இந்தப் பேச்சில் இழுத்துக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் யாரும் போட்டோவைக் காட்டி நிரூபிக்க வரவில்லை.

சோதிக்க வேண்டுமானால் அசல் கோப்பைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேரமும் கேமரா விவரமும் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அப்படியே கிடைக்கும். முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் சேர்த்துக் கேளுங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது, தூக்கில் தொங்கி இறந்த ஒருவரின் வீட்டைப் படமெடுத்து, பேய் வீடு என்று ஊர்ப்பெயரோடு சுற்றவிடுவதில். அந்த வீட்டில் அம்மா இருப்பாள், தங்கை கல்யாணத்துக்குக் காத்திருப்பாள், பிறகு வாடகைக்குக்கூட ஆள் வராது. அப்படி ஒரு படம் உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரையும் அழிக்கச் சொல்லுங்கள்.