ஃபால்அவுட் முதல் பாகம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1997 அக்டோபரில் இன்டர்பிளே நிறுவனம் ஃபால்அவுட் கணினி விளையாட்டை வெளியிட்டபோது, பெட்டிக்குள் குறுந்தகட்டோடு சுருள்கம்பி கோத்த கையேடு ஒன்றும் இருந்தது. விளையாட்டு திரையில் விளக்காத பலவற்றை அந்தக் கையேடு விளக்கியது. இன்று இணையக் கடைகளில் அதே விளையாட்டைச் சொற்ப விலைக்கு வாங்குபவர்கள், குறிப்பாக 2024இல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு மூலத்தைத் தேடி வருபவர்கள், கையேட்டின் மின்படியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்குமேல் அந்த ஒரு காரணத்தால் நேர்பவை. மீதி, அண்மைக்கால விளையாட்டுகள் பழக்கிவிட்ட எதிர்பார்ப்புகளால் நேர்பவை.

கதைச் சூழல் எளிமையானது. 2077இல் நடந்த அணுப்போரில் உலகம் அழிந்துவிட்டது. தெற்குக் கலிபோர்னியாவில் வால்ட் 13 என்ற நிலத்தடிப் புகலிடத்தில் சில தலைமுறைகளாக மக்கள் அடைபட்டு வாழ்கிறார்கள். 2161இல் அங்கே குடிநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பின் நீர்ச்சில்லு பழுதாகிறது. மாற்றுச் சில்லைத் தேடிக் கொண்டுவர ஆட்டக்காரர் வெளியே அனுப்பப்படுகிறார். கெடு 150 நாட்கள்.

முதல் தவறு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே, பாத்திரத்தை உருவாக்கும் திரையிலேயே நடந்துவிடுகிறது. வலிமை, புலனறிவு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவுத்திறன், சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்ற ஏழு பண்புகளும் ஆளுக்கு 5 என்ற அளவில் தொடங்க, கூடுதலாக 5 புள்ளிகள் கையில் தரப்படுகின்றன. பலர் எல்லாவற்றையும் சமமாக வைத்துக்கொண்டால் எதற்கும் உதவும் என்று எண்ணிப் புள்ளிகளைப் பரவலாகத் தூவிவிடுகிறார்கள். இந்த விளையாட்டில் ஏழு பண்புகளும் சம எடை கொண்டவை அல்ல. சண்டையில் ஒரு சுற்றில் எத்தனை செயல்கள் செய்யலாம் என்பதைச் சுறுசுறுப்பே தீர்மானிக்கிறது: சுறுசுறுப்பில் பாதியோடு 5 சேர்த்தால் வருவதே செயற்புள்ளிகளின் எண்ணிக்கை. சுறுசுறுப்பு 5 உள்ளவருக்கு 7 புள்ளிகள், 10 உள்ளவருக்கு 10 புள்ளிகள். கைத்துப்பாக்கியை ஒருமுறை சுட 5 புள்ளிகள் செலவாகும் என்பதால், முன்னவர் ஒரு சுற்றில் ஒருமுறையும் பின்னவர் இருமுறையும் சுடுவார்கள். அதாவது தாக்கும் வலிமையே இரட்டிப்பாகிறது. பாதியில் மிஞ்சும் பின்னம் கணக்கில் சேராது. ஆகவே செயற்புள்ளிகளைப் பொறுத்தவரை 9 வைத்துக்கொள்வதும் 8 வைத்துக்கொள்வதும் ஒன்றே.

அறிவுத்திறனும் இதற்கு இணையானது. ஒவ்வொரு நிலையேற்றத்தின்போதும் கிடைக்கும் திறன்புள்ளிகள், அறிவுத்திறனின் இருமடங்கோடு 5 சேர்ந்த தொகை. அறிவுத்திறன் 4 உள்ளவருக்கு 13 புள்ளிகள், 9 உள்ளவருக்கு 23. பத்து நிலைகள் ஏறுவதற்குள் இந்த வேறுபாடு நூறு புள்ளிகளாக வளர்ந்துவிடும். மேலும், உரையாடலில் கிடைக்கும் நல்ல பதில்களில் பல, அறிவுத்திறன் குறைந்தவருடைய கண்ணில் படவே படா. கவர்ச்சியைத் தாராளமாகக் குறைக்கலாம் என்பது என் கருத்து. எத்தனை தோழர்கள் உடன் வரலாம் என்பதற்கும் அதற்கும் முதல் பாகத்தில் தொடர்பில்லை. அந்த விதி 1998இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கவர்ச்சியில் புள்ளிகளைக் கொட்டுபவர்கள் இன்றும் உண்டு.

அடுத்து, மொத்தம் 18 திறன்களில் மூன்றைச் சிறப்புத் திறன்களாகக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்கப்பட்ட திறன் தொடக்கத்திலேயே 20 விழுக்காடு உயர்வதோடு, பின்னர் செலவிடும் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு விழுக்காடு ஏறும். பெயரைக் கேட்டு மயங்கிக் கனரக ஆயுதத் திறனைக் குறித்துவிடுவது இங்கே வழக்கமான பிழை. அந்த ஆயுதங்கள் கைக்கு வந்து சேரும்வரை ஆட்டக்காரர் கையில் இருப்பது 10 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிதான். அதைச் சுடத் தெரியாதவர் முதல் சில ஊர்களைத் தாண்டுவதே பெரும்பாடு. சிறு துப்பாக்கி, பேச்சு, பூட்டுத் திறத்தல் ஆகிய மூன்றும் முதல் ஆட்டத்துக்குப் போதும். பிற்பகுதியில் ஆற்றல் ஆயுதங்கள் ஓங்கிவிடும் என்பதை அறிந்தவர்கள் பூட்டுத் திறத்தலுக்குப் பதிலாக அதைக் குறித்துக்கொள்வார்கள், அதுவும் சரியே. முதலுதவி, பழுதுபார்த்தல், அறிவியல், வெளிப்புற வாழ்க்கை ஆகியவற்றில் புள்ளிகளைச் செலவிடுவதோ வீண். இவற்றை உயர்த்தும் புத்தகங்கள் ஹப் நகரத்து நூலகத்தில் விலைக்குக் கிடைக்கின்றன. மூடிகள் சேரச் சேர வாங்கிப் படித்தால் ஏறக்குறைய 90 விழுக்காடு வரை புள்ளி செலவின்றியே ஏறிவிடலாம். மூடிகள் என்றால் பாட்டில் மூடிகள். ஹப் வணிகர்கள் அவற்றுக்குப் பின்னே நிற்பதால் அவையே இந்த உலகத்தின் பணம்.

இனி நாட்கணக்கு. 150 நாட்கள் என்ற கெடுவைப் பார்த்துப் பயந்துபோய் வழியில் உள்ள எதையும் தொடாமல் ஓடுபவர்கள் ஒரு வகை; கெடுவையே மறந்துவிட்டு ஒவ்வொரு காயத்துக்கும் நாள்கணக்கில் படுத்து ஓய்வெடுப்பவர்கள் இன்னொரு வகை. வரைபடத்தில் இங்குமங்கும் அலையும் பயணமும், ஓய்வும், புத்தகம் படிப்பதும் நாட்களைத் தின்னும். ஊருக்குள் நடப்பதும் பேசுவதும் பெரும்பாலும் தின்னா. ஆகவே ஓர் ஊருக்குள் நுழைந்துவிட்டால் அங்கே செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்த பிறகே கிளம்புவது சிக்கனம். ஹப் நகரத்தின் நீர் வணிகர்களிடம் பணம் கொடுத்து வால்ட் 13க்குத் தண்ணீர் அனுப்பச் செய்தால் கெடு 100 நாட்கள் நீளும். கேட்க நன்றாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு மறைவான ஒரு விலை இருந்தது: வணிகர்கள் போய்வரும் தடத்தால் வால்ட் இருக்கும் இடம் வெளியே கசிந்துவிடும். விளையாட்டின் முதல் பதிப்பில், எதிரிப் படை வால்ட்டைக் கண்டுபிடிக்க 500 நாட்கள் என்ற இரண்டாவது கெடு ஒன்று உண்டு. தண்ணீர் அனுப்பியவர்களுக்கு அது 400 ஆகக் குறைந்தது. பின்னர் வந்த 1.1 திருத்தத்தில் அந்தக் கெடு 13 ஆண்டுகளாக நீட்டப்பட்டதால் இன்று அதை எண்ணிக் கவலைப்படத் தேவையில்லை. சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகும் அதே பதற்றத்தோடு ஓடி, பார்க்க வேண்டிய இடங்களில் பாதியைப் பார்க்காமலே ஆட்டத்தை முடித்துவிடுபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

சில்லு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிச் சுவையைக் கெடுக்கப்போவதில்லை. ஆனால் அதை எடுக்கும் இடத்தில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அந்த ஊர்வாசிகளும் அதே சில்லை நம்பித்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். அங்கே பழுதாகிக் கிடக்கும் நீரேற்றும் இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டுச் சில்லைக் கழற்றலாம், சரிசெய்யாமலும் கழற்றலாம். விளையாட்டு உங்களைத் தடுக்காது.

வால்ட்டின் தலைவரான ஓவர்சியர் முதலில் காட்டும் வழி கிழக்கே உள்ள வால்ட் 15. நேராக அங்கே போய், கீழ்த்தளத்துக்கு இறங்க வழியின்றி நின்றுவிட்டுத் திரும்புபவர்கள் ஏராளம். தேவை ஒரு கயிறு. அது போகும் வழியில் உள்ள ஷேடி சாண்ட்ஸ் என்ற சிற்றூரிலேயே கிடைக்கும். ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் வேறோர் இடத்திலும் கயிறு இல்லாமல் இறங்க முடியாது. இந்த விளையாட்டில் அம்புக்குறியோ பொருளைச் சுற்றி மின்னும் கோடோ கிடையாது. அலமாரி, பெட்டி, புத்தகத் தட்டு என்று ஒவ்வொன்றையும் நாமே தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதே ஷேடி சாண்ட்ஸ் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. ஊருக்கு அருகில் உள்ள குகையில் கதிரியக்கத்தால் பூதாகாரமாக வளர்ந்த தேள்கள் இருக்கின்றன. முதல் நிலையில் இருக்கும் ஒருவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேராகக் குகைக்குள் போனால் கொட்டு வாங்கி, நஞ்சேறிச் செத்துப்போவார். ஊர் மருத்துவரிடம் பேசியவரோ, தேளின் வாலிலிருந்து நச்சுமுறி தயாரிக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்வார். டைனமைட் கையில் உள்ளவர் குகை வாயிலையே தகர்த்து மூடிவிட்டு வரலாம். பின்னர் ஊர்த் தலைவரின் மகளைக் கொள்ளையர்கள் கடத்திப் போகும்போதும் இப்படித்தான்: மொத்தக் கூட்டத்தையும் சுட்டுக் கொல்லலாம், பேரம் பேசி மீட்கலாம், கொள்ளையர் தலைவனோடு ஒற்றைக்கு ஒற்றை மோதலாம். எல்லாச் சிக்கலுக்கும் துப்பாக்கியே விடை என்று நினைப்பதுதான் இந்த விளையாட்டில் ஒருவர் செய்யக்கூடிய ஆகப் பெரிய தவறு என்பேன். பேச்சுத் திறன் போதுமான அளவு இருந்து, உரிய சான்றையும் தேடிக் கொண்டுபோனவர் இறுதி எதிரியைக்கூட ஒரு குண்டும் செலவிடாமல் வீழ்த்திவிட முடியும்.

ஊருக்குள் ஆயுதத்தைக் கையில் ஏந்தியபடி நடப்பதும் இதே மனப்போக்கின் விளைவு. ஜங்க்டவுன் வாயிற்காவலர் ஆயுதத்தை உள்ளே வைக்கச் சொல்லும்போது வைத்துவிட வேண்டும். மறுத்தால் ஊர்க் காவலர்கள் அனைவரும் எதிரிகளாவார்கள். பொறுத்துக்கொள்ள முடியாத நிலையில் சண்டையே வந்தாலும், தொடர்சூட்டு முறையில் சுடும்போது குண்டுகள் பின்னால் நிற்கும் அப்பாவிகள்மீதும் பாயும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குழந்தை ஒன்று இறந்துபோனால் அந்தப் பழி ஆட்டத்தின் முடிவு வரை நீங்காது. கூலிக்குக் கொல்பவர்கள் தேடி வரத் தொடங்குவார்கள்.

தொடர்சூட்டின் ஆபத்தை நமக்குக் கற்றுத்தருபவர் பெரும்பாலும் இயன். ஷேடி சாண்ட்ஸில் 100 மூடிகளுக்கு உடன் வரச் சம்மதிக்கும் இவர் தொடக்கத்தில் பெரிய துணை. ஆனால் அவரிடம் தொடர்சூட்டுத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அவருக்கும் எதிரிக்கும் நடுவில் போய் நின்றால் முதுகில் குண்டு பாய்வது உறுதி. அவருக்குக் கைத்துப்பாக்கி போதும். தோழர்கள் குறுகிய கதவுகளில் நின்று வழியை அடைப்பார்கள் என்பதால், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய அறைக்குள் போவதற்கு முன் அவர்களை வெளியே நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். ஜங்க்டவுனில் சேரும் நாய்க்கு மட்டும் இந்தக் குறைகளில் முதலாவது இல்லை.

சண்டையில் பை திறப்பதைப் பற்றி ஒரு சொல். பையைத் திறக்க 4 செயற்புள்ளிகள் செலவாகும். அதை அறியாமல் ஒவ்வொரு சுற்றிலும் திறந்து, ஒரே ஒரு மருந்தூசி போட்டுக்கொண்டு மூடுபவர்கள் சுடுவதற்குப் புள்ளியின்றித் தவிப்பார்கள். திறந்ததும் திறந்தோம் என்று, அந்த ஒரே செலவில் எத்தனை ஊசி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், துப்பாக்கியில் குண்டும் நிரப்பிக்கொள்ளலாம். கைகலப்பில் மட்டுமே தாக்கத் தெரிந்த எதிரிகளிடம், ஒருமுறை சுட்டுவிட்டு மிச்சப் புள்ளிகளில் பின்வாங்குவது நல்ல உத்தி. நம்மை நெருங்குவதிலேயே அவர்களுடைய புள்ளிகள் கரைந்துவிடும். குறிபார்த்துச் சுட ஒரு புள்ளி மட்டுமே கூடுதல். கண்ணைக் குறிவைக்கும் பழக்கம் வந்துவிட்டால் இரண்டு மடங்கு பெரிய எதிரியும் சாய்வான். இதை இழக்கச் செய்வதால்தான், விரைந்து சுடும் இயல்பைப் பாத்திர உருவாக்கத்தில் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று புதியவர்களிடம் சொல்கிறேன்.

சேவ் செய்வதில் உள்ள தவறும் கொடியதே. பத்து இடங்கள் இருக்க, ஒரே இடத்தில் மேலுக்கு மேல் சேவ் செய்பவர்கள் க்ளோ என்ற இடத்தில் பாடம் கற்பார்கள். அணுகுண்டு விழுந்த பள்ளத்துக்குள் இருக்கும் பழைய ஆய்வுக்கூடம் அது. அங்கே கதிரியக்கம் கண்ணுக்குத் தெரியாது. உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கைகர் கருவி கையில் இருந்தால் மட்டுமே அறியலாம். விளைவு உடனே காட்டாமல் பின்னால் வந்து தாக்கும். முதல்முறை நான் கதிரியக்கத்தைத் தடுக்கும் ராட்-எக்ஸ் மாத்திரை ஒன்றையும் விழுங்காமல் இறங்கி, ஒவ்வொரு தளத்திலும் கவனமாக சேவ் செய்து, வெளியேறி ஊர் திரும்பும் வழியில் செத்தேன். திரும்ப ஏற்றினேன், மறுபடியும் செத்தேன். அந்த சேவில் இருந்த நான் ஏற்கெனவே இறந்துகொண்டிருந்தவன் என்பது மூன்றாவது முறைதான் உறைத்தது. இரண்டு மாத்திரைகளை இறங்குவதற்கு முன்பே விழுங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஊருக்கு ஒரு சேவ், ஆபத்தான இடத்துக்கு வெளியே ஒன்று, நகர நகரச் சுழற்சியில் இரண்டு மூன்று என்று பிரித்து வைத்துக்கொள்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

மேலே தவறு என்று சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் இரண்டாவது ஆட்டத்தில் தெரிந்தே செய்து பார்க்கலாம். அறிவுத்திறனை 4க்குக் கீழே இறக்கினால் பாத்திரம் சொற்களுக்குப் பதிலாக உறுமல்களைத்தான் வெளியிடும். உலகை மீட்கக் கிளம்பியவரிடம் ஊர்க்காரர்கள் குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.