இலவசப் பாடநூலில் நுண்கணிதம் நடத்துகிறீர்களா?

கல்லூரியில் நுண்கணிதம் நடத்துபவர்கள், இலவசப் பாடநூல்களை வெளியிடும் ஓபன்ஸ்டாக்ஸின் கால்குலஸ் நூலைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று தொகுதிகள், பிடிஎஃப் இலவசம்.

ஆனால் இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். அத்தனை பக்கங்களைப் பார்த்ததும் மாணவர்கள் மிரண்டுபோவார்கள். அந்த வாரத்துக்கு வேண்டிய பக்கங்களைப் பிரித்தெடுத்து, முன்னால் உங்கள் சொந்தக் கணக்கு ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

வகைக்கெழு தொடங்குவதற்கு முந்தைய நாள் இதைக் கொடுத்துப் பாருங்கள்: 1-இன் வர்க்கத்தைவிட 1.1-இன் வர்க்கம் எவ்வளவு கூடுதல்? அதை 0.1-ஆல் வகுத்தால் 2.1. இதையே 1.01-க்குச் செய்து 0.01-ஆல் வகுத்தால் 2.01. அடுத்து 1.001-க்கு 2.001. மறுநாள் நீங்கள் எல்லை மதிப்பு என்று ஆரம்பிக்கும்போது, 2 என்ற விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்த வரையறையும் இந்த அளவுக்கு மனதில் பதியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படி நூலைப் பிரிக்கவும் மாற்றவும் அதன் உரிமம் இடம் தருகிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, திருத்திய பிரதியைப் பகிர்ந்தால் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும்.

அப்புறம், ஒற்றைப்படை எண்ணிட்ட கணக்குகளுக்கு விடை நூலிலேயே இருக்கிறது. மதிப்பெண் போடும் பயிற்சிக்கு இரட்டைப்படைக் கணக்குகளை எடுங்கள்.