வகுப்புக்கு வெளியே முதல் அடி: கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வகுப்பில் நீங்கள் எழுதிக் கொடுக்கும் நிரலை எத்தனை பேர் படிக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரே ஒருவர். பல நேரம் அவர்கூடப் படிப்பதில்லை, ஒரு தானியங்கிச் சோதனை ஓடி மதிப்பெண் போட்டுவிடும். அதற்குப் பிறகு அந்த நிரலை யாரும் திறப்பதில்லை. வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ போன பிறகு நிலைமை வேறு. நீங்கள் எழுதுவதை வேறு ஒருவர் படிப்பார், கேள்வி கேட்பார், அதன்மேல் தன் நிரலைக் கட்டுவார். அதற்குப் பழகும் வாய்ப்பு பாடத்திட்டத்துக்குள் குறைவு.

அதனால் "எதில் சேரலாம்?" என்று கேட்கும் மாணவர்களிடம் நான் ஒரே ஒரு அளவுகோலைச் சொல்வேன். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா? சொல்கிறார் என்றால் நேரம் செலவிடலாம். வெறும் சான்றிதழ் மட்டும் வருகிறது என்றால் யோசியுங்கள்.

தொடங்குவதற்கு ஏதாவது ஒரு மொழியில் ஃபங்ஷன், லூப், கோப்பு படிப்பது வரை தெரிந்தால் போதும். முதலாம் ஆண்டு மாணவர்களும் தாராளமாக வரலாம்.

படி 1: என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள், ஒன்றை மட்டும் எடுங்கள்

நிரலாக்கப் போட்டிகளில் முதலில் சொல்ல வேண்டியது ஐசிபிசி, கல்லூரி அணிகளுக்கான உலக அளவிலான போட்டி. 1970-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு போட்டியிலிருந்து வளர்ந்தது. அணிக்கு 3 பேர், ஒரே ஒரு கணினி, 5 மணி நேரம். தவறான விடை அனுப்பிவிட்டு அதே கணக்கைப் பிறகு தீர்த்தால், ஒவ்வொரு தவறுக்கும் 20 நிமிடம் உங்கள் நேரத்தில் கூடும். கணினி ஒன்றுதான் என்பதால் ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்ற இருவரும் காகிதத்தில் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒத்திசைவைப் பழகுவதே பாதிப் பயிற்சி. தனியாகப் பழக கோட்ஃபோர்சஸ், அட்கோடர் ஆகிய தளங்கள் இருக்கின்றன. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அட்கோடரின் பிகினர் போட்டிகள் பொருத்தமானவை. போட்டி முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். எந்தக் கணக்கில் நின்றீர்களோ, அந்த ஒன்றை மட்டும் உட்கார்ந்து முடியுங்கள்.

கணினிப் பாதுகாப்பில் ஆர்வம் இருந்தால் சிடிஎஃப் போட்டிகள்: வேண்டுமென்றே ஓட்டை வைத்த அமைப்புகளில் மறைத்து வைத்த குறியைக் கண்டுபிடிக்க வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் மாணவர்களுக்காகவே உருவானது. அதில் கற்றதைப் போட்டிக்கு வெளியே, அனுமதி இல்லாத எந்தக் கணினியிலும் முயன்று பார்க்கக் கூடாது. இதில் விளையாட்டுக்கு இடமே இல்லை.

தரவு அறிவியல் பக்கம் போக நினைப்பவர்களுக்குக் காகிள் என்ற போட்டித் தளம் இருக்கிறது. டைட்டானிக் பயணிகளில் யார் உயிர் பிழைத்தார்கள் என்று கணிக்கும் பயிற்சிப் போட்டியிலிருந்து தொடங்கலாம். குழுவாக ஒரு மென்பொருளை விரைந்து உருவாக்கும் ஹேக்கத்தான் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால் அங்கே எழுதிய நிரலை மறுநாள் யாரும் தொடுவதில்லை என்பது என் கவலை. ஏசிஎம், ஐஇஇஇ ஆகிய கணினி, மின்னணுத் துறை வல்லுநர் அமைப்புகளின் மாணவர் கிளைகள் பல பல்கலைக்கழகங்களில் இயங்குகின்றன. உங்கள் துறையில் கிளை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆராய்ச்சியில் சேர விரும்பினால், பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அதிலிருந்து ஒரு கேள்வியோடு போய்ப் பாருங்கள்.

ஒரு செமஸ்டருக்கு ஒன்று போதும். நான் முதலில் பரிந்துரைப்பது ஓப்பன் சோர்ஸ், அதாவது கட்டற்ற மென்பொருள் பங்களிப்பு: மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்ட மென்பொருளுக்கு உதவுவது. மேலே சொன்ன அளவுகோலுக்கு அதைவிட நன்றாகப் பொருந்துவது வேறு இல்லை. 1991-இல் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை அறிவித்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. முன்பின் தெரியாதவர்கள் அதைப் படித்தார்கள், பதில் எழுதினார்கள், திருத்தங்கள் அனுப்பினார்கள். லினக்ஸ் வளர்ந்ததே அப்படித்தான். இனி வரும் படிகள் எல்லாம் இந்த வழிக்கானவை.

படி 2: கருவிகள்

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் கருவியை நிறுவுங்கள். நிரலை இணையத்தில் வைத்துப் பகிரும் தளங்களான கிட்ஹப் அல்லது கிட்லேபில் ஒரு கணக்கு திறந்து இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். உங்கள் சொந்த ரெப்போ (திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்) ஒன்றில் குளோன் (நகலை இறக்குவது), பிராஞ்ச் (தனிக் கிளை தொடங்குவது), ஆட் (மாற்றத்தைத் தேர்வது), கமிட் (அதைப் பதிவது), புஷ் (தளத்துக்கு அனுப்புவது) ஆகிய ஐந்தையும் கை பழகும்வரை செய்து பாருங்கள். மாணவர் என்பதற்கான சான்று காட்டினால் கிட்ஹப் ஸ்டூடன்ட் டெவலப்பர் பேக் என்ற கருவித் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கும்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் மின்னஞ்சல் முகவரி பதிவாகும், பொது ரெப்போவில் அது எல்லோருக்கும் தெரியும். பின்னால் அழிப்பது கடினம். முகவரியை மறைக்க கிட்ஹப் ஒரு மாற்று முகவரி தருகிறது. முதல் கமிட்டுக்கு முன்பே அதை அமைத்துவிடுங்கள்.

படி 3: திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். குறிப்பெடுக்கும் செயலி, வகுப்பில் பயன்படுத்திய பைத்தான் நூலகம், எடிட்டரின் ஒரு பிளகின், எதுவாகவும் இருக்கலாம். பயனராக இருந்தவருக்கு எது சரியாக வேலை செய்யவில்லை என்று தெரியும். புதிதாக வருபவருக்கு அது பெரிய பலம்.

பிறகு ரெப்போவைத் திறந்து பாருங்கள். உரிமக் கோப்பு இருக்கிறதா? கடைசிக் கமிட் எப்போது? பங்களிப்பு வழிகாட்டி இருக்கிறதா? இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மூடப்பட்ட புல் ரிக்வெஸ்ட்களில் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பும் கோரிக்கைகள்) பத்துப் பதினைந்தைப் படிப்பது. புதியவர்களுக்கு மெயின்டெய்னர்கள், அதாவது திட்டத்தைப் பராமரிப்பவர்கள், எப்படிப் பதில் சொல்கிறார்கள்? பொறுமையாக விளக்குகிறார்களா, மாதக்கணக்கில் பதிலே இல்லையா? அந்த உரையாடல்கள்தான் அடுத்த சில மாதங்கள் உங்களுக்கும் கிடைக்கப்போகின்றன. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் மாதிரி மிகப் பெரிய திட்டங்களை முதல் முறை தவிர்ப்பது நல்லது. அவற்றைக் கம்பைல் செய்வதற்கே உங்கள் மடிக்கணினி திணறும்.

படி 4: எதையும் மாற்றாமல் ஓட்டிப் பாருங்கள்

ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்து), குளோன் செய்து, ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் சொன்னபடி நிறுவி, டெஸ்ட்கள் (நிரலைச் சோதிக்கும் நிரல்கள்) அனைத்தையும் ஓட்டுங்கள். புதியவர்களின் நேரத்தை அதிகம் தின்பது இந்தப் படிதான். பாதியிலேயே நிற்பவர்களும் இங்கேதான் நிற்கிறார்கள். நாள் முழுக்கப் போனாலும் சோர்ந்துவிடாதீர்கள்.

பக்கத்தில் ஒரு கோப்பைத் திறந்து வைத்து, என்ன கட்டளை கொடுத்தீர்கள், என்ன பிழை வந்தது, எப்படித் தீர்ந்தது என்று வரிசையாக எழுதுங்கள். நிறுவும் வழிமுறையில் ஒரு படி விடுபட்டிருக்கலாம், பதிப்பு எண் பழையதாக இருக்கலாம். மெயின்டெய்னர்களின் கணினியில் எல்லாம் ஏற்கெனவே நிறுவியிருப்பதால் அது அவர்கள் கண்ணில் படாது. புதிதாக வரும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வழிமுறையைத் திருத்தி அனுப்பினால் அதுவே உங்கள் முதல் பங்களிப்பு. ஆவணத் திருத்தம்தானே என்று குறைவாக நினைக்க வேண்டாம். உங்களுக்குப் பின் வரும் ஒவ்வொருவருக்கும் அது ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

படி 5: ஒரு இஷ்யூவைப் பிடியுங்கள்

இஷ்யூ என்பது திட்டத்தின் பக்கத்தில் யாராவது பதிந்த பிழை அல்லது வேண்டுகோள். பல திட்டங்களில் புதியவர்களுக்கான இஷ்யூக்களுக்கு 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற அடையாளம் இருக்கும். பிரபலமான திட்டங்களில் அவை வந்த வேகத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள். அதற்குப் போட்டி போட வேண்டியதில்லை. யாரோ ஒரு பயனர் எழுதிவிட்டுப் போன பிழை அறிக்கைகள் உறுதிசெய்யப்படாமல் கிடக்கும். ஒன்றை எடுத்து, அதே பிழை உங்கள் கணினியிலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இப்படி ஒரு பதில் எழுதலாம்:

"இந்தப் பிழை எனக்கும் வருகிறது. பதிப்பு 2.3, உபுண்டு. காலியான கோப்பைத் திறந்தால் மட்டும் வருகிறது, ஒரு வரியாவது இருந்தால் வரவில்லை. கோப்பைப் படிக்கும் ஃபங்ஷனில் நீளத்தைச் சரிபார்க்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நான் திருத்திப் பார்க்கலாமா?"

"இதை எனக்கு ஒதுக்குங்கள்" என்ற ஒற்றை வரியைவிட இது எவ்வளவு உதவும் என்று மெயின்டெய்னர் இடத்திலிருந்து பாருங்கள். அவர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நீங்கள் முடித்துவிட்டீர்கள்.

பழைய பதிப்பில் இல்லாத பிழை புதியதில் வந்திருந்தால், கிட் பைசெக்ட் கட்டளையை முயலுங்கள். வகுப்பில் படித்த பைனரி சர்ச், அதாவது பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை, இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. இடையில் 1000 கமிட்கள் இருந்தாலும் ஏறக்குறைய 10 சோதனைகளில் குற்றவாளிக் கமிட்டைக் காட்டிவிடும்.

படி 6: சின்ன மாற்றம்

புதிய பிராஞ்ச் ஒன்றில் வேலை செய்யுங்கள். முதலில் அந்தப் பிழையைப் பிடிக்கும் ஒரு டெஸ்ட் எழுதி, அது தோற்பதைப் பாருங்கள். அப்புறம் திருத்துங்கள், டெஸ்ட் வெற்றி பெற வேண்டும். போகிற போக்கில் பக்கத்துக் கோப்பின் இடைவெளிகளை அழகாக்கத் தோன்றும், செய்யாதீர்கள். ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரே ஒரு வேலை இருந்தால் படிப்பவருக்கு எளிது.

கமிட் செய்தியின் முதல் வரி 50 எழுத்துகளுக்குள் இருப்பது வழக்கம். என்ன மாற்றினீர்கள் என்று நிரலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், ஏன் மாற்றினீர்கள் என்பதைக் கீழே விளக்குங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தும் முன் அந்தத் திட்டத்தின் விதியைப் படியுங்கள். ஜென்டூ, நெட்பிஎஸ்டி போன்ற இயங்குதளத் திட்டங்கள் 2024-லேயே அப்படி உருவான நிரலுக்குத் தடை அல்லது கடும் கட்டுப்பாடு விதித்தன. விதி அனுமதித்தாலும், வரிக்கு வரி உங்களால் விளக்க முடியாததை அனுப்புவது மற்றவரின் நேரத்தை எடுத்துக்கொள்வதாகும்.

படி 7: விமர்சனத்தை எதிர்கொள்ளுங்கள்

அனுப்பியதும் தானியங்கிச் சோதனைகள் ஓடும். சிவப்பு (தோல்வி) வந்தால் பதிவைத் திறந்து காரணம் பாருங்கள். அப்புறம் மனிதர்கள் வருவார்கள். "இந்தப் பெயர் புரியவில்லை", "இதற்கு ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே" என்றெல்லாம் எழுதுவார்கள். முதல் முறை மனசு சுருங்கும். ஆனால் இவ்வளவு தூரம் வந்ததே இதற்காகத்தான். அனுபவமுள்ள ஒருவர் உங்கள் நிரலை வரிவரியாகப் படித்திருக்கிறார். ஒவ்வொரு கருத்துக்கும் பதில் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாத இடத்தில் காரணத்தோடு சொல்லலாம். திருத்தங்களை அதே பிராஞ்சில் புஷ் செய்தால் போதும், புதிய புல் ரிக்வெஸ்ட் வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு மேல் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள். எண்ணிக்கைக்காக அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கிய ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாத நிகழ்வில், பங்களித்தால் கிடைக்கும் டி-ஷர்ட்டுக்காக உப்புச்சப்பில்லாத புல் ரிக்வெஸ்ட்கள் வந்து குவிந்தன. 2020-இல் மெயின்டெய்னர்கள் கொதித்துப்போனதால், விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே சேரும்படி நிகழ்வின் நடுவிலேயே விதி மாறியது.

படி 8: இங்கிருந்து ஊக்கத்தொகை உள்ள வாய்ப்புகளுக்கு

ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு ஊக்கத்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-இல் தொடங்கியது. 2022 முதல் மாணவர்கள் மட்டுமல்ல, 18 வயது நிறைந்த, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்கள் எவரும் விண்ணப்பிக்கலாம். வேலையின் அளவு 90, 175, 350 மணி நேரம் என மூன்று வகை. பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் அதற்கடுத்த வாரங்களில். பட்டியல் வந்த பிறகு ஓடத் தொடங்குபவர்கள் அதிகம். முந்தைய ஆண்டின் பட்டியலைப் பார்த்து, ஒரு செமஸ்டர் முன்பே ஒரு திட்டத்தில் இறங்கியிருந்தால், உங்கள் முன்மொழிவைப் படிப்பவருக்கு உங்களை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. தொழில்நுட்பத் துறையில் பாகுபாட்டையும் குறைவான பிரதிநிதித்துவத்தையும் எதிர்கொள்பவர்களுக்கானது. அதில் தேர்ந்தெடுக்கப்படும் முன்பே திட்டத்துக்குப் பங்களிப்பு செய்வது கட்டாயம், ஆகவே மேலே சொன்ன படிகள் அப்படியே கைகொடுக்கும். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்எக்ஸ் மென்டார்ஷிப் என்ற வழிகாட்டுதல் திட்டத்தையும் பாருங்கள்.

ரெஸ்யூமேயில் "ஓப்பன் சோர்ஸ் ஆர்வம்" என்று எழுதுவதற்குப் பதில், எந்தத் திட்டம், என்ன பிழை, என்ன திருத்தினீர்கள், அது எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்று இணைப்போடு ஒரு வரி எழுதுங்கள். நேர்காணலில் அதைத் திறந்து பார்ப்பவர், நிரலோடு சேர்த்து நீங்கள் விமர்சனத்துக்குச் சொன்ன பதில்களையும் படிக்க முடியும்.

தேர்வு நெருங்கும்போது பாதியில் நிற்கும் புல் ரிக்வெஸ்ட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். "தேர்வு முடிந்ததும் தொடர்கிறேன், அதற்குள் யாராவது எடுத்து முடிக்க விரும்பினால் தாராளமாகச் செய்யலாம்" என்று ஒரு குறிப்பு போட்டுவிட்டுப் படிக்கப் போங்கள்.