மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி: ஒரே சுற்றில் எங்கே சறுக்குகிறோம்?

மூன்று நாள் லீவு கிடைத்தால் போதும், இந்த மூன்று ஊரையும் ஒரே டூரில் முடித்துவிடலாம் என்று கிளம்பிவிடுகிறோம். மேப்பில் பார்த்தால் எல்லாம் அடங்கத்தான் செய்கிறது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 175 கிலோமீட்டர், அங்கிருந்து கன்னியாகுமரி 300 சொச்சம். ஆனால் இந்தப் பக்கத்தில் கிலோமீட்டரை நம்பித் திட்டம் போடக் கூடாது. நடை சாத்தும் நேரத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

மீனாட்சி அம்மன் கோயில் நடை பகல் 12.30க்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். நாங்கள் கோபுர வாசலுக்குப் போனபோது மணி 12.40. வழியில் டிபனுக்கு நிறுத்தியதில் போன நேரம். ஜிகர்தண்டா குடித்துப் பொழுதைத் தள்ளி, மாலை தரிசனம் முடித்து ராமேஸ்வரம் போய்ச் சேரும்போது நள்ளிரவு. விடிகாலையில் ஒருவரும் எழவில்லை. 22 தீர்த்தங்களையும் ஆடி முடித்தால், ஈரத்துணியோடு சன்னிதிக்குள் போக முடியாது. மாற்றுத்துணிப் பையோ காரில். எடுத்து வந்து உடுத்துவதற்குள் அங்கும் மதிய நடை சாத்தியாயிற்று. தனுஷ்கோடி பக்கம் இருட்டிய பின் இருக்க விடமாட்டார்கள். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தை ஓடுகிற காரிலிருந்தே எட்டிப் பார்த்ததோடு சரி. அத்தனைக்கும் காரணம் ஒரு பொங்கல் வடை.

இன்னொரு தவறு, ஊர் திரும்பும் டிக்கெட்டை மதுரையிலிருந்தே எடுப்பது. கன்னியாகுமரியிலிருந்து மதுரைக்கு 245 கிலோமீட்டர். ரயில் பிடிப்பதற்காக அவ்வளவு தூரம் திரும்பி வருவானேன்? கன்னியாகுமரியிலோ நாகர்கோவிலிலோ ஏறலாமே. முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது; கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைப் படகைக் கடைசி நாள் மதியத்துக்குத் தள்ளி வைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். சூரிய உதயம் பார்த்த கையோடு வரிசைக்குப் போய்விடுங்கள். பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள். பாறைக்குப் போய்விட்டால் சிலைக்கு நடந்தே போகலாம்.

வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால், என்னைக் கேட்டால், மூன்றில் ஒன்றை வெட்டிவிடலாம். எதை என்பதில்தான் எங்கள் வீட்டில் இன்னும் சண்டை.